லைட் எரிகிறது, வண்டி மட்டும் கிளம்பவில்லை

இலங்கை மலையகத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரவில் நிறுத்தும்போது வண்டியின் முகத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்பி, டயருக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். காலையில் சாவியைத் திருகும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் பதற்றமே கிடையாது. கல்லை எடுத்து, செகண்ட் கியரில் கிளட்சை மிதித்தபடி பத்து இருபது அடி உருளவிட்டு, கிளட்சை விட்டால் போதும். ஒரு குலுக்கலோடு கிளம்பிவிடும்.

கொட்டகலையில் என் மாமாவின் டீசல் வேன் ஒன்றரை வருஷம் இப்படித்தான் ஓடியது. “பெட்டரி கொஞ்சம் வீக்கா இருக்கு, பாத்துக்கலாம்” என்பது அவருடைய வழக்கமான பதில். பள்ளம் இருக்கும்வரை பெட்டரியைப் பற்றி யார் யோசிக்கப்போகிறார்கள்? ஒருநாள் காலை ஹட்டன் டவுனில், சமதரையில், ஸ்கூல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேன் ‘டிக்’ என்றது. ஹெட்லைட் நன்றாக எரிந்தது, ஹோர்ன் அடித்தது, எஞ்சின் மட்டும் அசையவில்லை. பிள்ளைகள்தான் சந்தோஷமாக இறங்கித் தள்ளினார்கள். அன்றைக்கே ஒரு கடையில் ‘பெட்டரி செத்துப்போச்சு’ என்று சொல்லிப் புதிது ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். மூன்று வாரம் சரியாக ஓடியது. நாலாவது வாரம் மறுபடியும் ‘டிக்’.

பிறகு வந்து பார்த்த மெக்கானிக் பாஸ் புதிதாக எதையும் விற்கவில்லை. பத்தாம் நம்பர் ஸ்பானரால் பெட்டரித் தலையில் இருந்த கிளாம்பைக் கழற்றி, டோர்ச் அடித்து, “உள்ளுக்குப் பாருங்கண்ணே” என்றார். வெளியிலிருந்து பார்க்கும்போது அவ்வளவு மோசமாகத் தெரியாத அந்தக் கிளாம்பின் உள்வட்டம் முழுக்க, விறகடுப்புச் சுவர் மாதிரிக் கறுத்திருந்தது. ஓரங்களில் சாம்பல் நிற மாவு. கடையில் அந்தப் பழைய கிளாம்பைச் சுரண்டக்கூடச் செய்யாமல் புதுப் பெட்டரியில் அப்படியே மாட்டியிருக்கிறார்கள். மாட்டும்போது உரசிய உரசலில் அங்கங்கே உலோகம் உலோகத்தைத் தொட்டது. மூன்று வாரம் ஓடியது அந்தத் தயவில்தான். பழைய பெட்டரியில் உண்மையிலேயே கோளாறு இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதைத்தான் விலையில் கழித்துக்கொண்டு கடையே எடுத்துக்கொண்டதே.

பள்ளத்தில் உருட்டும் வித்தை ஓட்டோ கியர் வண்டிகளிடம் பலிக்காது. ஹைபிரிட்டிடம் பேச்சே இல்லை. அதோடு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியையே தட்டிக்கொட்டி ஓட்டினோம். அவற்றின் கிளாம்பும் வயரும் வண்டியோடு சேர்ந்தே வயதானவை. ஆகவே பெட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால் அதன் தலையில் பூத்திருப்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது காசு மிச்சமாகும் காரியம்.

பூப்பது என்ன?

கார் பெட்டரி என்பது ஈயமும் அமிலமும் சேர்ந்த சமாசாரம். 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாந்தே செய்து காட்டிய அதே அடிப்படைதான் இன்றைக்கும். பெட்டிக்குள் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடும் ஈய ஒட்சைட்டுத் தகடும் தண்ணீர் கலந்த சல்பூரிக் அமிலத்தில் நிற்கின்றன. ஓர் அறைக்கு 2.1 வோல்ட். ஆறையும் தொடுத்தால் 12.6. நிறைய சார்ஜ் உள்ள, ஓய்வில் இருக்கிற பெட்டரியில் மீட்டரை வைத்தால் அந்த 12.6தான் காட்டவேண்டும். 12.2 என்றால் பாதி வயிறு. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டப் பட்டினி.

எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் இந்தப் பெட்டரியைத் திரும்ப நிரப்புகிறது. நிரம்புகிற கட்டத்தில் அமிலத்தில் உள்ள தண்ணீரில் கொஞ்சம் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து குமிழி விடும். குமிழி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத அமிலத் துளிகள் அந்த வாயுவோடு கிளம்பி, மூடியில் இருக்கும் சின்னத் துளை வழியாக வெளியே வந்து மேலே படியும். ஈயக் கம்பம் பிளாஸ்டிக் மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடம் இருக்கிறதே, அந்த வளையத்தில் பிடிமானம் தளர்ந்தாலும் அமிலம் மெல்லக் கசிந்து ஏறும். இரண்டு வழியிலும் அது போய்ச் சேருவது டெர்மினலில், அதாவது கம்பமும் வயரின் கிளாம்பும் சேருமிடத்தில். அங்கே ஈயம் இருக்கிறது, பித்தளை இருக்கிறது, வயரில் செம்பு இருக்கிறது. கூடவே ஈரம். வேறென்ன வேண்டும்?

வெள்ளையாக, சாம்பல் மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் ஈய சல்பேற்று. நீலமும் பச்சையுமாகப் பொங்கியிருந்தால் செப்பு சல்பேற்று, அதாவது நம் ஆட்கள் மயில்துத்தம் என்று சொல்வது. தேயிலையில் 1946இல் கொப்புள நோய் வந்து சேர்ந்ததிலிருந்து, செம்பு சேர்ந்த மருந்தடிப்பது தோட்டங்களில் வாடிக்கை. மருந்து கலக்கும் வாளியின் விளிம்பில் காய்ந்திருக்கும் பச்சை நீலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதாக இருக்காது. பெட்டரியின் அடித்தட்டில் சிவந்து உதிர்வது மட்டும்தான் அசல் துரு, ஏனென்றால் துரு இரும்புக்குரியது. இதையெல்லாம் சேர்த்துத்தான் ‘டெர்மினல் பூத்துப்போச்சு’ என்கிறோம்.

ஆனால் வண்டியை நிறுத்துவது பெரும்பாலும் இந்தப் பூ அல்ல. வெளியே பொங்கி நிற்கும் நீலம் பார்க்கத்தான் பயங்கரம். கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவில், வெளியே தெரியாமல் படிகிற கறுப்புப் படலம்தான் மின்சாரத்தின் வழியை அடைக்கிறது. மாமாவின் வேனில் இருந்தது அதுதான். வெளியே துடைத்துவிட்டு ‘சுத்தம் பண்ணியாச்சு’ என்று நினைப்பவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

ஏன் லைட் எரிகிறது?

சாதாரண தரத்தில் எல்லோரும் ஓமின் விதியைப் படித்திருக்கிறோம். பரீட்சைக்குப் பிறகு அது உதவுகிற அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

அந்தக் கறுப்புப் படலத்தின் தடை வெறும் 0.01 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓமில் நூறில் ஒரு பங்கு, ஒன்றுமே இல்லாத மாதிரி. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 10 அம்பியர் இழுக்கும். பத்தை 0.01ஆல் பெருக்கினால் 0.1 வோல்ட். பல்பின் வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. இப்போது சாவியைத் திருகுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் சின்னப் பெட்ரோல் காரிலேயே 150 அம்பியர் அளவுக்கு இழுக்கும். டீசல் வேனுக்கு அதைவிட நிறைய வேண்டும். 150ஐ 0.01ஆல் பெருக்கினால் ஒன்றரை வோல்ட் அந்த ஒரு இடத்திலேயே போய்விடுகிறது. பாரம் இழுக்கும்போது நல்ல பெட்டரியே பத்தரை, பதினொரு வோல்டுக்கு இறங்கும். அதிலும் ஒன்றரை போனால் மோட்டாருக்கு மிஞ்சுவது ஒன்பது. இரண்டு டெர்மினலும் அப்படியிருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். பீலியில் இலை அடைத்துக்கொண்டால் ஒரு கப் தண்ணீர் பிடிக்க முடியும், குளிக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

தொலைந்த ஒன்றரை வோல்ட் எங்கே போகிறது? சூடாகிறது. 150 அம்பியரில் ஒன்றரை வோல்ட் என்றால் 225 வொட். 60 வொட் சோல்டரிங் அயன் நாலை ஒரு விரற்கடை இடத்தில் வைத்ததற்குக் கொஞ்சம்தான் குறைவு. இதனால்தான் பழைய பாஸ்மார் ஸ்டார்ட் ஆகாத வண்டியில் இரண்டு மூன்று தடவை சாவியைத் திருகச் சொல்லிவிட்டு, நிறுத்தியதும் கிளாம்புக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். ஒன்று சூடாகவும் மற்றது பச்சைத் தண்ணீராகவும் இருந்தால், கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெட்டரிக்குத் திரும்பி வரும் சார்ஜும் இதே அடைப்பு வழியாகத்தான் வரவேண்டும். ஆக, பூத்த டெர்மினலோடு மாதக்கணக்கில் ஓட்டினால் பெட்டரிக்கு அரைவயிற்றுச் சாப்பாடுதான். அரைவயிறாகவே கிடக்கும் ஈயத் தகடுகளில் ஈய சல்பேற்று கெட்டித்துப்போய், பிறகு கரையவே மறுக்கும். ‘பெட்டரி வீக்’ என்ற பொய் கொஞ்ச நாளில் மெய்யாகிவிடுகிறது.

மலையில் கொஞ்சம் கூடுதல்

சமவெளியில் ஓடும் வண்டிக்கும் இதே தொல்லை உண்டு. சூடான இடங்களில் பெட்டரியே சீக்கிரம் தேயும். மலையின் தொல்லை வேறு மாதிரி. முதலாவது ஈரம். வட்டவளை, கினிகத்தேனை பக்கம் மழை தொடங்கினால் பொனட்டுக்குள்ளும் நாள் கணக்கில் ஈரம் காயாது. தலவாக்கலையில், நானுஓயாவில் காலைப் பனிமூட்டம் எஞ்சின்மேல் நேராகவே படியும். அமிலத்தூள் ஈரத்தை உறிஞ்சி ஊறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது குலுக்கல். மெயின் ரோட்டில் ஒன்றுமில்லை, தோட்டத்து ரோட்டில்தான். கல்லும் குழியுமாக ஐந்து கிலோமீட்டர் குலுங்கினால் கிளாம்பும் தளரும், பெட்டரியைக் கட்டிவைத்திருக்கும் இரும்புப் பட்டியும் தளரும். தளர்ந்த கிளாம்பு கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து தேய்ந்து, அந்த இடைவெளியில்தான் அமில ஈரம் புகும். அப்புறம் குறுகிய ஓட்டம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு மூன்று கிலோமீட்டர், அதில் பாதி இறக்கம், எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது. பனிக்கு ஹெட்லைட், தூறலுக்கு வைப்பர், கண்ணாடி மங்கினால் காற்றாடி. பெட்டரியிலிருந்து எடுத்ததைத் திரும்பக் கொடுக்க நேரமே கிடைப்பதில்லை.

கடைசியாகக் குளிர். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். தை மாசியில் விடியற்காலை புல்லில் உறைபனி விழுந்து தேயிலை கருகுகிற நாட்கள் உண்டு. பூச்சியப் பாகைக்கு அருகில் பெட்டரியின் பலம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். எஞ்சின் ஒயிலோ கெட்டியாகி, சுற்றுவதற்குக் கூடுதல் பலம் கேட்கும். மத்தியானத்தில் எப்படியோ சமாளிக்கிற டெர்மினல் அடைப்பு, விடியற்காலை ஐந்து மணிக்குக் கையை விரிப்பது இதனால்தான். ‘காலையில மட்டும்தான் கரச்சல், பத்து மணிக்கு மேல நல்லா ஸ்டார்ட் ஆகுது’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் டெர்மினலைத்தான் பார்க்கச் சொல்வேன்.

பார்ப்பது எப்படி?

கண்ணால் பார்ப்பது சுலபம். பொனட்டைத் திறந்து பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் போதும். பொடி இருக்கிறதா, மேற்புறம் ஈரமாகப் பிசுபிசுக்கிறதா, பெட்டரியின் வயிறு உப்பியிருக்கிறதா, கிளாம்புக்குள் நுழையும் இடத்தில் வயரின் தோல் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு கிளாம்பைத் திருகிப் பாருங்கள். கையால் அசைக்க முடிகிறது என்றால் அது தளர்ந்துவிட்டது. சின்ன வேலைதான், ஆனால் பத்தில் பல தொல்லைகள் இங்கேயே பிடிபடும்.

உள்ளே இருக்கும் கறுப்பைக் கழற்றாமலே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்புக் கம்பியின் நுனியைப் பிளஸ் கம்பத்தின் நடு உச்சியில், ஈயத்தில், அழுத்திக் குத்துங்கள். கறுப்புக் கம்பியை அதே பக்கத்துக் கிளாம்பின் உலோகத்தில் வையுங்கள். ஆமாம், இரண்டும் பிளஸ் பக்கமேதான், இடையில் ஒரு விரல் இடைவெளிகூட இருக்காது. மீட்டர் பூச்சியம் காட்டும். இப்போது ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் இழுக்கிற அந்த இரண்டு வினாடியில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 0.1க்குள் இருந்தால் நல்ல இணைப்பு. 0.5ஐத் தாண்டினால் அந்த ஒட்டுக்குள் படலம் இருக்கிறது, சந்தேகமே வேண்டாம். மைனஸ் பக்கமும் இதையே செய்யுங்கள், அங்கே மீட்டர் கம்பிகள் இடம் மாறினால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும், பரவாயில்லை. எஞ்சின் பட்டி, காற்றாடி பக்கம் சட்டைக்கையோ சால்வையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழற்றித் துலக்குவது

நம் வீடுகளில் குத்துவிளக்குக் கறுத்தால் புளி போட்டுத் துலக்குவோம். அந்தப் பழக்கத்தில் டெர்மினலுக்கும் புளி, எலுமிச்சை, கோலா என்று ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கில் இருப்பது காற்றும் ஈரமும் பட்டு வந்த களிம்பு, அதைப் புளியின் அமிலம் கரைக்கும். டெர்மினலில் இருப்பதோ அமிலமே பெற்ற பிள்ளை. அங்கே இன்னும் அமிலத்தை ஊற்றினால் அன்றைக்குப் பளபளக்கும், அடுத்த மாதம் திரும்பப் பூக்கும். அங்கே தேவை காரம். அது அடுப்படியிலேயே இருக்கிறது: அப்பச்சோடா.

வேன்காரர்களின் சுடுதண்ணீர் வைத்தியத்தில் பாதி உண்மை உண்டு. நீலப் பொடி தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் ஊற்றியதும் மாயமாக மறைகிறது. சாம்பல் நிற ஈய சல்பேற்று தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம், அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். அமிலமும் முறிவதில்லை, கீழே வழிந்து இரும்புத் தட்டைத் தின்னப் போகிறது. சுடுதண்ணீர் இல்லாமல் பிளாஸ்கில் மிஞ்சிய பிளேன்டீயை ஊற்றியவரையும் எனக்குத் தெரியும். வண்டி கிளம்பியது என்று இன்றும் சாதிக்கிறார். சூட்டுக்குக் கிளம்பியிருக்கும், தேயிலைக்கு அல்ல.

சரி, வேலைக்கு வருவோம். எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி, எல்லா லைட்டையும் அணையுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாம் கழற்றி வையுங்கள். கண்ணுக்கு ஏதாவது கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை. பீடி சிகரெட் பக்கத்திலேயே வேண்டாம். அறைகளுக்குள் தண்ணீர் மட்டம் தெரியவில்லை என்று லைட்டரைப் பற்றவைத்துக் குனிந்து பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்றில் ஐதரசன் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே வெடிக்கும். டோர்ச் இருக்கிறது, போனிலும் இருக்கிறது.

முதலில் கழற்ற வேண்டியது மைனஸ். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்? வண்டியின் உடம்பு முழுவதும் மைனஸோடு சேர்ந்திருக்கிறது. மைனஸ் மாட்டியபடியே பிளஸ் நட்டில் ஸ்பானர் போட்டால், ஸ்பானரின் மறுமுனை பொனட் கம்பியிலோ பக்கத்துத் தகட்டிலோ பட்ட கணத்தில் பெட்டரியின் முழுப் பலமும் ஸ்பானர் வழியாகப் பாயும். தீப்பொறி பறக்கும், ஸ்பானர் ஒட்டிக்கொள்ளும், மோதிரம் போட்ட விரலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மைனஸை முதலில் கழற்றி ஓரமாகத் துணி சுற்றி வைத்துவிட்டால், அப்புறம் பிளஸைக் கழற்றும்போது ஸ்பானர் எங்கே பட்டாலும் ஒன்றுமில்லை. எது பிளஸ் என்று குறி அழிந்துபோயிருந்தால் கம்பத்தின் பருமனைப் பாருங்கள். பிளஸ் எப்போதும் கொஞ்சம் தடிமன். ஜப்பான் சின்னக் கார்களில் வரும் ஒல்லிக் கம்பத்தில் 14.7 மில்லிமீட்டருக்கு 13. பெரிய கம்பத்தில் 19.5க்கு 17.9.

கிளாம்பு வரமாட்டேன் என்றால் சுத்தியலால் தட்டாதீர்கள், ஸ்குரூட்ரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். ஈயக் கம்பம் மிருதுவானது. நெம்பினால் மூடியோடு சேரும் வளையம் தளர்ந்து, பிற்பாடு அமிலம் கசிய நாமே வாசல் திறந்துவிட்டதாகும். நட்டை முழுவதும் தளர்த்தி, வாயைக் கொஞ்சம் விரித்து, இப்படியும் அப்படியும் திருகினால் வரும்.

ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பழைய பல் பிரஷால் கிளாம்பிலும் கம்பத்திலும் பெட்டரியின் மேற்புறத்திலும் தேயுங்கள். நுரைத்துப் பொங்கும். அமிலமும் சோடாவும் சேர்ந்து காபனீரொட்சைட்டு வெளியேறுகிற நுரை அது. நுரை வருகிறவரை அங்கே அமிலம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம், நின்றதும் முறிந்துவிட்டது. இவ்வளவு தெளிவாகத் தானே கணக்குச் சொல்கிற மருந்து வேறு இல்லை. மூடித் துளை வழியாக ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது, போனால் உள்ளே இருக்கும் அமிலமும் முறியும். மூடிகளை இறுக்கி, துளைமேல் டேப் ஒட்டிவிட்டுச் செய்யுங்கள், முடித்ததும் டேப்பை மறக்காமல் எடுங்கள். பிறகு கொஞ்சம் நல்ல தண்ணீரால் அலசித் துணியால் துடையுங்கள்.

இதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கிளாம்பின் உள்வட்டத்தையும் கம்பத்தின் சுற்றையும் மண்தாளாலோ கம்பி பிரஷாலோ மெதுவாகத் தேய்த்து, வெள்ளி மாதிரிப் புது ஈயம் தெரியும்வரை போகவேண்டும். அந்தக் கறுப்பு சோடாவுக்கு அசையாது. நிறையச் சுரண்டிக் கம்பத்தை ஒல்லியாக்கிவிடவும் வேண்டாம், நிறம் மாறினால் போதும்.

மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். கையால் அசையாத அளவுக்கு இறுக்குங்கள். அசுரப்பிடி வேண்டாம். கடிகாரமும் ரேடியோவும் மறந்துபோயிருக்கும், சில வண்டிகளில் கண்ணாடி ஓட்டோவாக ஏறி இறங்குவதைத் திரும்பப் பழக்க வேண்டியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

துடைத்த துணி, தேய்த்த தூள், கழுவிய தண்ணீர் எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது. பீலிக்கரையில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீர்கள், கழுவிய தண்ணீரை லீக்ஸ், கெரட் பாத்திப் பக்கம் விடாதீர்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகுதான் டீ. அமிலம் கண்ணில் தெறித்தால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் ஆஸ்பத்திரி.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதிலும் 12 வோல்ட் பெட்டரி ஒன்று உண்டு, சில வண்டிகளில் பின்சீட்டுக்கு அடியிலோ டிக்கி ஓரத்திலோ இருக்கும். அதன் டெர்மினலுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்களை மட்டும் தொடக் கூடாது. அது உயிரை எடுக்கும் வோல்ட்.

திரும்பப் பூக்காமல்

மாட்டி இறுக்கிய பிறகு, மேலே மெல்லியதாக வாஸ்லினோ வெள்ளைக் கிரீஸோ பூசுங்கள். முதலிலேயே உள்ளே அப்பிவிட்டு மாட்டக் கூடாதா என்று கேட்பார்கள். கிரீஸ் மின்சாரம் கடத்தாது. அதன் வேலை வெளியிலிருந்து ஈரமும் அமிலக் காற்றும் புகாமல் தடுப்பது மட்டும்தான். ஆகவே உலோகம் உலோகத்தை இறுகப் பிடித்த பிறகு வெளியே பூசினால் போதும். கம்பத்தின் அடியில் போடுகிற வட்டத் துணி வாஷர்களும் நல்லவை, அமிலத்தை அங்கேயே உறிஞ்சிக்கொள்ளும். கழிவு எஞ்சின் ஒயிலைத் தடவுவது பழைய வழக்கம். அது தூசியைப் பிடித்துக் களிமண்ணாக்குவதுதான் மிச்சம்.

மூடி திறக்கும் பெட்டரியாக இருந்தால் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். தகடுகள் மூழ்கி, மேலே ஒரு சென்டிமீட்டர் நின்றால் சரி. நிறையட்டும் என்று கழுத்துவரை ஊற்றினால் ஏற்றத்திலும் வளைவிலும் சரிந்து வெளியே வழிவது அமிலமாகத்தான் இருக்கும். இறம்பொடை வளைவுகளை நினைத்துக்கொண்டு ஊற்றுங்கள். ஊற்றுவது டிஸ்டில் வோட்டர் மட்டும். ‘மலையூத்துத் தண்ணி, கண்ணாடி மாதிரி இருக்கு’ என்று பீலித் தண்ணீரை ஊற்றாதீர்கள். நாம் குடிக்க அது அமிர்தம், அதில் கரைந்திருக்கும் உப்புகளைப் பெட்டரி தாங்காது.

எஞ்சின் ஒயில் மாற்றும்போதெல்லாம் பொனட்டுக்குள் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். தோட்டத்து ரோட்டில் தினம் ஓடுகிற வண்டி என்றால் மாதம் ஒருமுறை கிளாம்பையும் இரும்புப் பட்டியையும் அசைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டே வாரத்தில் திரும்பப் பூத்தால் காரணம் வேறு. எஞ்சின் ஓடும்போது பெட்டரியின் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டும். 15ஐத் தொடுகிறது என்றால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் அளவுக்கு மீறி ஊட்டுகிறது, பெட்டரி கொதித்து அமிலத்தைக் கக்குகிறது. அங்கே எத்தனை கிலோ கிரீஸ் பூசினாலும் நிற்காது. வோல்ட் சரியாக இருந்து ஒரு கம்பத்தின் அடியில் மட்டும் ஈரம் கசிந்தால், அந்த வளையம் விட்டுவிட்டது. அப்படியானால் பெட்டரியை மாற்றத்தான் வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சோதிக்க எஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை மட்டும் இன்றைய வண்டிகளில் செய்யாதீர்கள். அந்தக் கணத்தில் எகிறும் வோல்ட், வண்டியின் கணினிப் பெட்டியையே கருக்கிவிடலாம். அதன் விலையில் நாலைந்து பெட்டரி வாங்கலாம்.

மாமாவின் வேனுக்குத் திரும்ப வருகிறேன். இரண்டு கிளாம்பையும் பாஸ் வெள்ளி மாதிரி ஆக்கிக் கொடுத்தார். வேன் கிளம்பியது, ஆனால் குளிர்காலைகளில் ஸ்டார்ட்டர் இன்னும் சோம்பலாகத்தான் சுற்றியது. மறுபடி மீட்டரை வைத்துப் பார்த்தோம், பெட்டரித் தலையில் இரண்டு பக்கமும் 0.1கூட இல்லை. அப்புறம் பாஸ் ஒரு கம்பியை மைனஸ் கம்பத்திலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருகச் சொன்னார். 0.9. மைனஸ் வயருக்கு இரண்டு முனை என்பதை யாருமே யோசிக்கவில்லை. மறுமுனை கீழே, சேறு தெறிக்கிற இடத்தில், சேசியில் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. வயரின் தோலைக் கொஞ்சம் சீவியபோது உள்ளே செம்புக் கம்பிகள் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சையாகக் கிடந்தன. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் போட்டு, சேசியில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, அதன்மேலும் கிரீஸ் பூசினோம். மீட்டர் 0.1 காட்டியது. வேன் இப்போது கடைக்கு முன்னால், சமதரையில்தான் நிற்கிறது.